காஞ்சனா ஒப்பித்த அட்டை

கரங்கானிலிருந்து கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவுக்கு விடியுமுன் கிளம்புகிற கம்பெனி பஸ்ஸில் காஞ்சனாவுக்கென்று ஓர் இடம் இருந்தது. ஓட்டுநருக்குப் பின்னால், ஜன்னலோரம். புதிதாகச் சேர்ந்த பெண் எவளாவது தெரியாத்தனமாக அங்கே உட்கார்ந்துவிட்டால் பஸ்ஸே சேர்ந்து எழுப்பிவிடும். "ஏ தங்கச்சி, அது காஞ்சனாக்கா இடம் லா, எந்திரி!" ரப்பர் தோட்டத்து லயவரிசை வீட்டில் பிறந்து, பால்மரம் வெட்டிய தாய்க்கு ஒரே பெண்ணாக வளர்ந்து, பள்ளிக்கூடம் முடிந்த கையோடு அந்தப் பஸ்ஸில் ஏறியவள். கல்யாணமானது, மகளைப் பெற்றது, அவளைக் கட்டிக்கொடுத்தது எல்லாம் அந்த வேலையோடு வேலையாக நடந்தவைதான். பஸ்கூட எத்தனையோ தடவை மாறிவிட்டது, இடம் மாறவில்லை.

வேலை மைக்ராஸ்கோப்பில். தலையிலிருந்து கால்வரை வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு, கண்ணை மட்டும் வெளியே காட்டிக்கொண்டு, தூசி புகாத அறையில் உட்கார வேண்டும். கீழே நகர்ந்து வருகிற சில்லுகளில் தங்கக் கம்பி ஒழுங்காக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தலைமுடியைவிட மெல்லிய கம்பி அது. சும்மா சொல்லக் கூடாது, காஞ்சனாவின் கண் கண்தான். அவள் கையைத் தாண்டிக் கோளாறான சில்லு போனதாக யாரும் சொன்னதில்லை. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. இருக்கட்டுமே, வேறு எதை வைத்து அவள் பெருமைப்படுவாள்?

மைக்ராஸ்கோப் பெண்களுக்கு வருஷம் ஒரு தடவை கண் பரிசோதனை உண்டு. கம்பெனிக்கு வாடிக்கையான ஒரு கிளினிக்கில் நடக்கும். அதில் தேறாதவர்களைப் பேக்கிங் பகுதிக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே வேலை நேரம் முழுக்க நிற்க வேண்டும். காஞ்சனாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரமணியை அப்படித்தான் மாற்றினார்கள். ரமணிக்கு முழங்கால் வீங்கியது, நடை தளர்ந்தது. அடுத்த தீபாவளிக்குள் தானாகவே எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டோடு போய்விட்டாள். அதிலிருந்து மைக்ராஸ்கோப் பெண்களுக்குக் கண் பரிசோதனை என்றாலே பயம்.

பயம் வந்தால் புத்தியும் வரும் என்பார்கள், இவர்களுக்கு வந்தது குறுக்குப் புத்தி. கிளினிக் சுவரில் தொங்கும் எழுத்து அட்டையை யாரும் மாற்றியதே இல்லை. மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சின்ன எழுத்து. பரிசோதனைக்கு முந்தின வாரம் பஸ்ஸுக்குள் பாராயணம் தொடங்கிவிடும். "இ... எஃப், பி... டி, ஓ, ஸெட்..." என்று வாய்ப்பாடு போல எல்லாரும் ஒப்பிப்பார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். சொல்லிக்கொடுக்கிறவள் காஞ்சனா. அவளுக்கு அது தேவையே இல்லை, கண் அவ்வளவு சுத்தம். இருந்தாலும் பயந்து சாகும் பெண்களைப் பார்த்தால் மனசு கேட்காது. "கடைசி வரியில ஒரே ஒரு எழுத்த வேணும்னே தப்பாச் சொல்லணும். அத்தனையும் சரியாச் சொன்னா டாக்டருக்குச் சந்தேகம் வந்துரும், வெளங்குதா?" என்பாள். பஸ் சிரிக்கும்.

அவளுக்கு ரத்தக் கொதிப்பு இருந்தது. மாத்திரையும் இருந்தது. அதைப் போட்டால் அடிக்கடி ஒன்றுக்கு வரும். ஒவ்வொரு தடவையும் அங்கியைக் கழற்றி, வெளியே போய், திரும்பி வந்து கை கழுவி, காற்றடிக்கிற கூண்டுக்குள் நின்று, மறுபடி மாட்டிக்கொள்வதற்குள் போதும் போதுமென்று ஆகிவிடும். ஆகையால் வேலை நாட்களில் மாத்திரையைத் தொடமாட்டாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் விழுங்குவாள். ஏதோ ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ரத்தம் கொதிக்கும் என்பதுபோல! அந்த வருஷம் மழைக்காலத்தில் இரண்டு தடவை வலது கண்ணில் திரை விழுந்ததுபோல் இருட்டி, சில நிமிஷத்தில் தானே விலகியது. அசதி என்று நினைத்துக்கொண்டாள். புருஷன் குணாளனிடமும் சொல்லவில்லை.

அன்றைக்குக் காலை வேலை. பசியாறிவிட்டு வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். திடீரென்று மைக்ராஸ்கோப்பின் வலது குழாய் அணைந்துவிட்டது. இடது பக்கம் வெளிச்சம், வலது பக்கம் கும்மிருட்டு. வலி இல்லை, குத்தல் இல்லை, ஒன்றுமே இல்லை. காஞ்சனா கையைத் தூக்கி டெக்னீஷியன் சசிதரனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, இதுல ரைட் சைடு போச்சு. என்னான்னு பாரு."

சசிதரன் குனிந்து பார்த்தான். திருகினான், துடைத்தான், மறுபடி பார்த்தான். "நல்லாத்தானே இருக்கு அக்கா. ரெண்டு பக்கமும் பளிச்சுனு தெரியுது."

"என்னா நல்லா இருக்கு? ஒனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று அவனை ஒரு பிடி பிடித்துவிட்டுப் பக்கத்து மைக்ராஸ்கோப்பில் போய் உட்கார்ந்தாள். அங்கேயும் வலது பக்கம் இருட்டு. அப்போதும் அவளுக்கு உறைக்கவில்லை. இரண்டாவதும் கெட்டுவிட்டதா என்றுதான் நினைத்தாள். பிறகு மெதுவாகத் தலையை நிமிர்த்தி, அறையைப் பார்த்தபடி இடது கண்ணை மூடினாள். அறை இல்லை. விளக்கு இல்லை. சசிதரன் இல்லை.

ஆனால் சத்தம் போடவில்லை. முன்பு இரண்டு தடவை வந்து போனதுபோல் இதுவும் போய்விடும், கொஞ்சம் பொறு, பொறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஒற்றைக் கண்ணால் சில்லுகளைப் பார்த்தாள். கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பார்த்ததை லைன் லீடர் ஷீலா கவனித்துவிட்டாள். வயதில் சின்னவள், காஞ்சனாவிடம் தொழில் பழகி மேலே போனவள்.

"என்னாக்கா, கண்ணுல என்னா?"

"ஒண்ணுமில்ல ஷீலா, லேசா உறுத்துது."

"கண்ணு விஷயம்க்கா, வெளையாடாதீங்க. கிளினிக்குக்குப் போங்க, நான் வேன் சொல்றேன்."

கிளினிக்! அந்த அட்டை தொங்குகிற அதே கிளினிக். வேனில் போகும்போது காஞ்சனா பயந்தது கண்ணுக்காக அல்ல. ரமணியின் வீங்கின முழங்கால்தான் நினைவில் நின்றது.

கிளினிக்கில் கூட்டம். ஹமீதா என்ற இளம் டாக்டர், தமிழ் முஸ்லிம் பெண், முகத்தில் தூக்கமில்லாத களைப்பு. "எந்தக் கண்ணு அக்கா? வாங்க, முதல்ல எழுத்தப் படிச்சிருவோம்" என்று சொல்லி, கரண்டி போன்ற ஒரு கறுப்புத் தகட்டால் காஞ்சனாவின் இடது கண்ணை மூடினாள். "மேலேருந்து படிங்க."

உலகம் மறைந்தது. அட்டையுமில்லை, சுவருமில்லை. அப்போது அவள் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. தெரியல. குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் வருஷக் கணக்காகப் பஸ்ஸில் ஓதின வாய் சும்மா இருக்குமா? மனசு யோசித்து முடிப்பதற்குள் வாய் கிளம்பிவிட்டது. "இ... எஃப், பி..." ஒவ்வொரு வரியாக இறங்கினாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நடுவில் கொஞ்சம் தயங்கி, கடைசி வரியில் வேண்டுமென்றே ஓர் எழுத்தைத் தப்பாகச் சொல்லி, அட, என்ன சாமர்த்தியம்! நாசமாய்ப் போகிற சாமர்த்தியம்.

"பார்வை நல்லாவே இருக்கு அக்கா. அங்கியில உள்ள நூல் ஏதாச்சும் பட்டிருக்கும். சொட்டு மருந்து தரேன், இன்னிக்கி எம்சி லீவு போட்டு வீட்ல ரெஸ்ட் எடுங்க" என்றாள் ஹமீதா. அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

காஞ்சனா வீட்டுக்கு வந்து, மருந்தை விட்டுக்கொண்டு, கண்ணை மூடிப் படுத்தாள். எழுந்து பார்த்தாள், இருட்டு. மறுபடி படுத்தாள். மாரியாத்தா, இந்த ஒரு தடவை திறந்துவிடு, இனி மாத்திரையைத் தவறாமல் போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். ஆத்தாளிடமும் பேரம்.

குணாளன் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவன். சாயங்காலம் வந்தவனுக்குத் தேத்தண்ணி ஆற்றினாள். பாதி கிளாஸில் விழுந்தது, பாதி வலப்பக்கம் மேசையில் ஓடியது. எடுத்துக்கொண்டு வரும்போது கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டாள். குணாளன் அவள் முகத்தையே பார்த்தான். கையை அவள் வலது கண்ணுக்கு முன்னால் ஆட்டினான். இமை ஆடவில்லை.

"அடிப் பாவி, கண்ணு தெரியலையா ஒனக்கு? எப்ப இருந்து?"

"இப்பதாங்க. தேத்தண்ணி ஆத்துறப்பதான் இருட்டிக்கிட்டு வந்துச்சு" என்றாள். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய். குணாளன் சட்டையைக்கூட மாற்றவில்லை, வாசலில் நின்ற காரை, அவன் பேச்சில் காடியை, எடுத்தான். காலையில் கிளினிக்கில் எழுத்தெல்லாம் படித்துக் காட்டியதாக வழியில் சொல்லிவைத்தாள்.

பெரியாஸ்பத்திரியில் கண் டாக்டர் மனோகரன் டார்ச் அடித்துப் பார்த்த நொடியே எழுந்து நின்றுவிட்டார். "எப்போ போச்சு?"

"இப்பத்தான் டாக்டர், சாயங்காலம்!" குணாளன் முந்திக்கொண்டான். "காலைல கிளினிக்ல எல்லா எழுத்தும் படிச்சிருக்கா. நீங்க வேணும்னா போன் போட்டுக் கேளுங்க."

மனோகரன் கேட்டார். கிளினிக்கில் அப்படியே சொன்னார்கள், பார்வை முழுசு. போனை வைத்தபோது அவர் முகத்தில் ஒரு தெம்பு வந்திருந்தது. காஞ்சனாவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "அம்மா, கவனமாக் கேளுங்க. கண்ணுக்கு ரத்தம் கொண்டுபோற குழாய் ஒண்ணு இருக்கு, ரொம்ப மெல்லிசு. அதுல ஏதோ வந்து அடைச்சிருக்கு. ரத்தம் போகாம உள்ள இருக்கிற விழித்திரை செத்துக்கிட்டு இருக்கு. நாலரை மணி நேரத்துக்குள்ள வந்தா அடைப்பக் கரைக்கிற ஊசி போட்டுப் பாக்கலாம். எல்லாருக்கும் திரும்பும்னு சொல்ல மாட்டேன், சிலருக்குத் திரும்பியிருக்கு. உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கு. முதல்ல படம் எடுத்துருவோம்."

நேரம் இருக்கு. அந்த வார்த்தையைக் கேட்டதும் குணாளன் கையெடுத்துக் கும்பிட்டான். காஞ்சனா கும்பிடவில்லை. அவளுக்கு மட்டும்தான் தெரியும் நேரம் எங்கே போனதென்று.

தாடையை ஒரு தட்டில் வைத்து, நெற்றியைப் பட்டையில் அழுத்தச் சொன்னார்கள். அவள் வாழ்நாளெல்லாம் இப்படித்தான் ஒரு கருவியில் முகத்தைப் புதைத்துச் சில்லைப் பார்த்தாள். இப்போது கருவி அவளைப் பார்த்தது. நர்ஸ் மிஸ்ஸி பொத்தானை அமுக்கினாள். திரையில் வந்த முதல் படத்தை இடது கண்ணால் பார்த்தாள். சிவந்திருக்க வேண்டிய வட்டம் முழுக்க வெளுத்துச் சோறு வடித்த கஞ்சி நிறத்தில் கிடந்தது, நடுவில் மட்டும் ஒரு சிவப்புப் பொட்டு. அடுத்த படம் விழித்திரையைக் குறுக்காக வெட்டிக் காட்டியது, அடுக்கு அடுக்காக. மேல் அடுக்குகள் உப்பிக் கிடந்தன.

மனோகரன் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். பெரிதாக்கினார். மறுபடி எடுக்கச் சொன்னார். முகத்தில் இருந்த தெம்பு வடிந்துகொண்டே போனது.

"இந்த அளவுக்கு வீங்கணும்னா நேரம் எடுக்கும்மா. சாயங்காலம் போன கண்ணு மாதிரி தெரியல. காலைலயே போன கண்ணு மாதிரி இருக்கு."

"என்னா டாக்டர் சொல்றீங்க? கிளினிக்ல அத்தனை எழுத்தும் படிச்சிருக்கா! அந்த டாக்டரம்மா பொய்யா சொல்லுவாங்க?" குணாளனின் குரல் உயர்ந்தது. "ஊசியப் போடுங்க டாக்டர், ஒங்களக் கெஞ்சிக் கேக்குறேன்."

மனோகரன் காஞ்சனாவைப் பார்த்தார். கோபமில்லாமல் கேட்டார். "அம்மா, நேரம் தாண்டின பிறகு இந்த ஊசியப் போட்டா கண்ணும் வராது, மூளையில ரத்தம் கசிஞ்சிரலாம். ஆளே போயிரலாம். நீங்க ஒருத்தர்தான் எனக்குச் சொல்ல முடியும். எப்ப இருட்டுச்சு?"

காஞ்சனா ஊசியை விரும்பினாள். உயிர் போனாலும் போகட்டும், போடட்டும் என்றுகூட ஒரு நொடி நினைத்தாள். சாயங்காலம்தான் என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டால் போதும். ஆனால் திரையில் அந்தப் படம் நின்றுகொண்டிருந்தது. அதற்கு மனப்பாடம் தெரியாது. உள்ளது எதுவோ அதைக் காட்டிக்கொண்டு நின்றது.

"காலைலேயே போச்சு டாக்டர்" என்றாள். "கம்பெனியிலேயே போச்சு."

"அப்போ கிளினிக்ல?"

"எனக்கு ஒண்ணும் தெரியல டாக்டர். அட்டை எனக்கு மனப்பாடம். ஒப்பிச்சேன்."

மனோகரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். ஊசி போடத் தயாராக இருந்த மிஸ்ஸியிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கழுத்து ரத்தக் குழாயை ஸ்கேன் எடுக்க எழுதினார். அடைப்பு அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும், அடுத்தது மூளைக்குப் போகாமல் பார்க்க வேண்டும் என்றார். குணாளன் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அடிப்பான், திட்டுவான் என்று காஞ்சனா எதிர்பார்த்தாள். அவன், "யாருக்குப் பயந்துடி இப்படிச் செஞ்ச? என்கிட்டயாச்சும் சொல்லக் கூடாதா?" என்று மட்டும் கேட்டான். அவளிடம் பதில் இருந்தது, சொல்லத்தான் வெட்கமாக இருந்தது.

கழுத்துக் குழாய் பாதிக்கு மேல் அடைத்திருந்தது. வார்டில் வைத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். பார்க்க வந்த நாத்தனார் பாப்பம்மா, "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு சும்மாவா சொன்னாங்க?" என்று ஆரஞ்சை உரித்துக்கொண்டே சொன்னாள். பழமொழி சொல்ல ஆளுக்கா பஞ்சம். வேறொருத்தி, உயிருக்கு வந்தது கண்ணோடு போச்சே என்று தேற்றினாள். காஞ்சனா இரண்டுக்கும் தலையை ஆட்டினாள்.

சில வாரங்கள் கழித்து மறுபடி படம் எடுத்தார்கள். உப்பியிருந்த அடுக்குகள் இப்போது வற்றி, மெலிந்து, ஒட்டிப் போயிருந்தன. வீக்கம் வடிந்தால் பார்வை வரும் என்று அவள் யாருக்கும் சொல்லாமல் நம்பிக்கொண்டிருந்தாள். வடிந்தது வீக்கம் மட்டும் அல்ல, விழித்திரையே என்று மனோகரன் பொறுமையாக விளக்கினார்.

"டாக்டர், ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லணும். அன்னிக்கிக் கிளினிக்ல தெரியலன்னு சொல்லியிருந்தா, இந்தக் கண்ணு பொழைச்சிருக்குமா?"

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பொழைச்சிருக்கலாம். பொழைக்காமலும் போயிருக்கலாம். நேரத்தோட வந்திருந்தா முயற்சி பண்ணியிருப்பேன்மா. அதுக்கு மேல என்னால பொய் சொல்ல முடியாது."

ஆம் என்றிருந்தால் அழுது தீர்த்திருப்பாள். இல்லை என்றிருந்தால் தலைவிதி என்று ஆறியிருப்பாள். இரண்டுமில்லாத இந்தப் பதிலை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் குணாளனின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோதும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

வேலைக்குத் திரும்பிய நாளில் ஷீலா அவளைக் கண்டீனுக்கு அழைத்துப் போனாள். இரண்டு பேருக்கும் மைலோ வாங்கி வைத்தாள். காஞ்சனா குடிக்கவில்லை, நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"எனக்குத் தெரியும் ஷீலா. நீ சங்கடப்படாத. பேக்கிங்குக்குத்தானே? போடு. நின்னுக்கிறேன்."

"யாருக்கா ஒங்கள பேக்கிங்குக்குப் போடுறேன்னு சொன்னது?" ஷீலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "லேபல் மேசைக்கு ஆள் வேணும்னு வருஷ ஆரம்பத்துலேருந்து நான் மேல கேட்டுக்கிட்டு இருக்கேன். உக்காந்து செய்ற வேலைதான். மொதல்ல ஒங்க பேருதான் ஞாபகம் வந்துச்சு. மைக்ராஸ்கோப்ப விட்டு வரமாட்டீங்க, கோவிச்சுக்குவீங்கன்னுதான் ஒங்ககிட்ட கேக்கவே இல்ல. அன்னிக்கி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே காடியில வெச்சுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பேனே அக்கா! யாரு ஒங்கள என்னா பண்ணியிருப்பா?"

காஞ்சனா மைலோவைத் தள்ளி வைத்தாள்.

"அந்த எடம் அன்னிக்கும் காலியாத்தான் இருந்துச்சா?"

"காலியாத்தான்க்கா இருந்துச்சு."

காஞ்சனா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, "ஐயோ, ஐயோ" என்று வாய்விட்டு அழுதாள். கண்டீனே திரும்பிப் பார்த்தது. ஷீலா அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். மணி அடித்து எல்லாரும் எழுந்து போன பிறகும் அவள் நிமிரவில்லை.